வெளியே கேட்கத் தயங்கும் கேள்விகள்: பிறப்புறுப்பு, மாதவிடாய், விந்தணு, கருத்தடை

செவிலி_மதி:
பெண்கள் நலப் பிரிவில் பல வருடங்களாகச் செவிலியராக இருக்கிறேன். டாக்டரிடம் அசதி, தலைவலி என்று ஏதாவது சொல்லி மருந்துச் சீட்டும் வாங்கிக்கொண்டு, எழுந்து கதவில் கை வைத்த பிறகுதான் பலர் நிற்பார்கள். "அப்புறம், இன்னொன்று கேட்கணும்..." என்று இழுப்பார்கள். வந்த காரணமே அந்த இன்னொன்றுதான் என்பது எங்களுக்கு அப்போதுதான் புரியும். சிலர் அதையும் கேட்காமலே போய்விடுகிறார்கள். அடுத்த முறை வரும்போது நோய் முற்றியிருக்கும்.

அந்தக் கேள்விகளை இங்கே கேளுங்கள். ஆண், பெண், வயது எதுவும் தடையில்லை. எது இயல்பு, எதை டாக்டரிடம் காட்ட வேண்டும், எதற்கு விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது என்று தெரிந்த வரை சொல்கிறேன். மருந்தின் பெயர், அளவு இரண்டையும் நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. படம் எதுவும் அனுப்ப வேண்டாம்.

நீலாம்பல்:
முதல் கேள்வி என்னுடையதாகவே இருக்கட்டும் அக்கா. எனக்கு 24 வயது. வெள்ளைப்படுதல் மாதம் முழுக்க இருக்கிறது. சில நாள் தண்ணீராக, சில நாள் கெட்டியாக. அரிப்போ நாற்றமோ இல்லை. ஆனாலும் உள்ளே ஏதோ கோளாறு என்று மனசு அடித்துக்கொள்கிறது.

செவிலி_மதி:
கோளாறு இல்லை நீலாம்பல். கருப்பை வாயிலிருந்தும் யோனிச் சுவரிலிருந்தும் ஊறும் திரவம் அது. வயதுக்கு வந்த பெண்ணுக்குத் தினமும் கொஞ்சம் இருக்கும். பீரியட்ஸ் முடிந்ததும் குறைவு. கருமுட்டை வெளிவரும் நாள் நெருங்கும்போது பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாகி, இரண்டு விரலுக்கு நடுவே நூலாக இழுபடும். விந்தணு மேலே ஏறிப் போக வழி விடுவதற்காக உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. முட்டை வெளியேறிய பிறகு மறுபடி கெட்டியாகிக் கலங்கிவிடும். நீங்கள் பார்ப்பது இந்தச் சுழற்சியைத்தான். துணியில் காய்ந்த பிறகு லேசாக மஞ்சள் தட்டுவதும் சகஜம்.

காட்ட வேண்டியது எப்போது என்றால்: திட்டுத்திட்டாகத் திரிந்து வந்து அரிப்பும் எரிச்சலும் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடை அடித்தால் பாக்டீரியா சமநிலை குலைந்திருக்கலாம். பச்சையும் மஞ்சளுமாக நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற பால்வினைத் தொற்றைச் சந்தேகிப்போம். அது உறுதியானால் கணவரும் சேர்ந்து மாத்திரை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பத் திரும்ப வரும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பூஞ்சை மருந்தைத் தானாக வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் குணமாகவில்லை என்று வருபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

உடலுறவுக்குப் பின் ரத்தம் கலந்து வந்தால் தொற்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டாயம் கருப்பை வாயைப் பரிசோதிக்க வேண்டும்.

மழைத்துளி:
நான் வாசனை உள்ள திரவத்தால் தினமும் உள்ளேயும் கழுவுகிறேன். சுத்தமாக இருந்தால் தொற்று வராது அல்லவா?

செவிலி_மதி:
நேர்மாறாகத்தான் நடக்கும். யோனிக்குள் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா வாழ்கிறது. அது சுரக்கும் லாக்டிக் அமிலத்தால் உள்ளே பிஎச் 3.8க்கும் 4.5க்கும் இடையில் இருக்கும். அந்த அமிலத்தன்மையில் கெட்ட கிருமிகள் பெருக முடியாது. உள்ளே பீய்ச்சிக் கழுவினால் முதலில் அழிவது நல்ல பாக்டீரியாதான். உள்ளே கழுவும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பாக்டீரியா தொற்றும், கருப்பையிலும் கருக்குழாயிலும் வரும் இடுப்புக்குழி அழற்சியும் அதிகம். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும். சோப்பு வேண்டுமென்றால் வாசனையில்லாதது, அதுவும் வெளியே மட்டும்.

மழைத்துளி:
ஆனால் நிறுத்திப் பார்த்தேன், வாடை வருகிறதே?

செவிலி_மதி:
லேசான வாடை எல்லாருக்கும் உண்டு. மீன் வாடையாக, குறிப்பாக உடலுறவுக்குப் பின் தூக்கலாக இருந்தால், திரவம் அதை மூடி மறைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கழுவாமல் ஒரு முறை டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு வாரம் போல மருந்து எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தமயந்தி:
என் மகளுக்கு 13 வயது. பூப்பெய்தி ஒரு வருடம் ஆகிறது. ஒரு முறை 25 நாளில் வருகிறது, அடுத்த முறை 40 நாள் ஆகிறது. இதற்கு ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

செவிலி_மதி:
வேண்டாம் அம்மா. முதல் இரண்டு மூன்று வருடங்கள் மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான ஹார்மோன் ஒழுங்கு பிடிபடாமல் இருக்கும். அந்த வயதில் 21 முதல் 45 நாள் வரை இயல்பு. தொடர்ந்து 90 நாளுக்கு மேல் வராவிட்டால் காட்டுங்கள். 15 வயது வரை பூப்பெய்தாவிட்டாலும் காட்ட வேண்டும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது நாள் கணக்கைவிட, எவ்வளவு போகிறது என்பதை. மணிக்கொரு நாப்கின் நனைந்து, அப்படியே சில மணி நேரம் தொடர்ந்தால் அதிகம். இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருந்தாலும், எட்டு நாளைத் தாண்டினாலும், பெரிய கட்டிகளாக வந்தாலும் அதிகம்தான். இப்படி ரத்தம் போகும் பெண் பிள்ளைகள் சிலருக்கு ரத்தம் உறைவதிலேயே பிறவிக் குறை இருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வெளுத்துப் போய், மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் பெண்ணை "வளரும் வயசு" என்று சொல்லி விட்டுவிடக் கூடாது.

இரவுப்பணி:
வலியைப் பற்றியும் சொல்லுங்கள். மாதம் இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியாது எனக்கு. "எல்லாருக்கும் வருவதுதானே" என்ற பதிலைக் கேட்டுச் சலித்துவிட்டது.

செவிலி_மதி:
எல்லாருக்கும் வருவது இப்படிப் படுக்கவைக்கும் வலி இல்லை. கருப்பையின் உள்படலம் உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வெளியாகிக் கருப்பையைச் சுருங்கவைக்கும். சாதாரண வலி அதனால் வருவது. அதன் உற்பத்தியைத் தடுக்கும் வலி மாத்திரைகள் இருக்கின்றன. வலி உச்சத்துக்குப் போன பிறகு போடுவதைவிட ஆரம்பத்திலேயே போட்டால்தான் நன்றாகக் கேட்கும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும்.

அதற்கும் அடங்காமல், வேலைக்குப் போகமுடியாத அளவு வலித்தால் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கருப்பைக்குள் இருக்க வேண்டிய படலத்தை ஒத்த திசு சினைப்பையிலும் வயிற்றுக்குள்ளும் வளரும் நோய் அது. உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் குழந்தை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இருக்கிறது. சாதாரண ஸ்கேனில் தெரியாமலே போகலாம் என்பதால், "ஸ்கேன் நன்றாக இருக்கிறது" என்று சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். உடலுறவின்போது ஆழத்தில் வலி, பீரியட்ஸ் சமயத்தில் மலம் கழிக்கும்போது வலி, இவை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர் நோயைப் பிடிப்பதே அந்த விவரங்களை வைத்துத்தான்.

வழிப்போக்கன்:
ஆண்கள் கேள்விக்கும் இடமுண்டா? இடது விதை வலதைவிடக் கீழே தொங்குகிறது. குறியின் நுனியைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். நோயா?

கதிரொளி:
நான் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவர். ஆண்கள் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் மதி.

பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கம்தான் தாழ்ந்திருக்கும். நுனியைச் சுற்றி ஒரே அளவில் வரிசையாக, வலியில்லாமல் இருக்கும் புள்ளிகள் இயல்பான அமைப்பு, தொற்று இல்லை, பரவாது. ஒழுங்கில்லாமல் வளரும் மருவோ, புண்ணோ, கொப்புளமோ என்றால் காட்டுங்கள்.

அடுத்து வரப்போகும் கேள்வி குறியின் நீளத்தைப் பற்றித்தான் இருக்கும், அதற்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 15,000க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளைத் தொகுத்து 2015ல் வெளியான ஆய்வில் விறைப்பு நிலையின் சராசரி 13 சென்டிமீட்டர் அளவில்தான் இருந்தது. நீளமாக்குவதாக விற்கும் மாத்திரை, எண்ணெய் எதற்கும் ஆதாரம் இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று. பையன்களின் பெற்றோர் கட்டாயம் படிக்க வேண்டும். விதை தன் ரத்தக் குழாயோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும் ஒரு நிலை உண்டு. 12 முதல் 18 வயதில் அதிகம். தூக்கத்திலேயே தொடங்கலாம். திடீரென்று ஒரு பக்க விதையில் கடும் வலி, குமட்டல், வாந்தி. கூச்சத்தில் பையன் "வயிறு வலிக்கிறது" என்று மட்டும் சொல்வான். வீட்டில் அஜீரணம் என்று நினைத்து எதையாவது கொடுத்துப் படுக்கவைப்பார்கள். ரத்தம் போகாமல் ஆறு மணி நேரம் ஆனால் விதை சாகத் தொடங்கும். அதற்குள் அறுவை செய்து முறுக்கை எடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். மறுநாள் காலை வருபவர்களுக்கு எடுத்துவிடுவதைத் தவிர வழி இருப்பதில்லை. வாந்தியோடு அடிவயிறு வலிக்கிறது என்று ஒரு பையன் சொன்னால், "கீழேயும் வலிக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் நள்ளிரவானாலும் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வலியே இல்லாமல் விதையில் கெட்டியாகக் கட்டி தட்டுப்பட்டால் அது வேறு விஷயம். 15 முதல் 35 வயது ஆண்களுக்கு வரும் விதைப் புற்றுநோய் அப்படித்தான் தொடங்கும். சீக்கிரம் பிடித்தால் குணமாகும் புற்றுநோய்களில் அதுவும் ஒன்று.

பெயரில்லாதவன்:
டாக்டர், வயது 19. சுய இன்பப் பழக்கம் இருக்கிறது. நரம்பு தளர்ந்துவிடும், பிற்பாடு குழந்தை பிறக்காது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். தூக்கத்திலும் வெளியேறுகிறது. பயத்தில் படிப்பே ஓடவில்லை.

கதிரொளி:
தம்பி, அந்தப் பயத்தை இன்றோடு விட்டுவிடு. சுய இன்பத்தால் நரம்பு தளராது, மலட்டுத்தன்மை வராது, உறுப்பு சிறுக்காது. விந்தில் பெரும்பங்கு விந்துப்பையும் புராஸ்டேட்டும் சுரக்கும் திரவம். விந்தணு அதில் மிகச் சிறிய பங்கு, அதுவும் தினமும் கோடிக்கணக்கில் உற்பத்தியாகிறது. சேர்த்துவைக்கவும் முடியாது, தீர்ந்துபோகவும் செய்யாது. தூக்கத்தில் வெளியேறுவது உன் வயதில் இயல்பு. அந்த வீடியோவின் கடைசியில் ஏதாவது மருந்து விற்றார்களா என்று பார். படிப்பு ஓடாத அளவுக்குக் கவலை தொடர்ந்தால் ஒரு மனநல மருத்துவரைப் பார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செண்பகம்:
கல்யாணமாகி இரண்டு வருடம், எனக்கு வயது 31. எனக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய்ப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று, எல்லாம் சரியாக இருக்கிறது. கணவரை விந்துப் பரிசோதனைக்கு வரச் சொன்னால், "எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?

கதிரொளி:
இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடுகிறது. இந்த வரிசையே தவறு. குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் தரப்புக் காரணமும் இருக்கும், தனியாகவோ பெண் தரப்போடு சேர்ந்தோ. பெண்ணுக்கு உடம்பில் குழாய் செருகிச் செய்யும் பரிசோதனைக்கு முன்பே, ஊசிகூடப் போடாத விந்துப் பரிசோதனையை முடித்திருக்க வேண்டும். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பது விறைப்பைப் பற்றியது. அதற்கும் விந்தணு எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. விந்தணுவே இல்லாத ஆணுக்கும் உறவு இயல்பாக இருக்கும், விந்தும் வழக்கம்போல வரும். பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

அவரிடம் இந்தப் பதிவையே காட்டுங்கள். 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுபோனால் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணு, அசைவு 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். ஆமாம், வெறும் நான்கு. அறிக்கையில் "4%" என்று பார்த்துக் கலங்கி வருபவர்கள் ஏராளம். எண் குறைந்திருந்தால் உடனே முடிவு கட்டாமல் சில வாரம் கழித்துத் திரும்பச் செய்யுங்கள். ஒரு விந்தணு உருவாகி வெளிவரச் சுமார் இரண்டரை மாதம் ஆகும் என்பதால், போன மாதக் காய்ச்சலின் தாக்கம் இந்த மாத அறிக்கையில் தெரியும்.

குறை இருந்தாலும் பல சமயம் வழியுண்டு. விதைப்பையில் ரத்த நாளப் புடைப்பு, விந்துக்குழாய் அடைப்பு, ஹார்மோன் குறைவு எல்லாவற்றுக்கும் சிகிச்சை இருக்கிறது.

இரும்புத்தோள்:
ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறேன். ஆண் ஹார்மோன்தானே, விந்தணு கூடத்தானே செய்யும்?

கதிரொளி:
குறையும். ரத்தத்தில் வெளியிலிருந்து வரும் ஹார்மோன் ஏறியதும், விதையை வேலை செய்யச் சொல்லும் சமிக்ஞையை மூளை நிறுத்திவிடும். விதைக்குள் உற்பத்தி படுத்துவிடும், எண்ணிக்கை பூஜ்யம் வரைகூடப் போகும், விதையே சுருங்கும். நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வருகிறது, ஆனால் மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடத்தைத் தாண்டும். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போடவே போடாதீர்கள். இப்போது போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லி நிறுத்துங்கள்.

நித்யகல்யாணி:
எனக்கு ஸ்கேனில் "நீர்க்கட்டி" என்று எழுதியிருக்கிறது. வயது 17. குழந்தை பிறக்காது என்று வீட்டில் அழுகிறார்கள்.

செவிலி_மதி:
முதலில் வீட்டில் அழுகையை நிறுத்தச் சொல்லுங்கள். நீர்க்கட்டி என்று சொல்வது பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறை. அதில் ஸ்கேனில் தெரிபவை கட்டிகள் இல்லை, முழுதாக வளராமல் நின்ற முட்டைப் பைகள். உங்கள் வயதில் நோயே இல்லாதவர்களுக்கும் சினைப்பை அப்படித் தெரியும். பூப்பெய்தி எட்டு வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்துப் பிசிஓஎஸ் என்று முடிவு செய்யக் கூடாது என்பதே சர்வதேச வழிகாட்டுதல். மாதவிடாய் தள்ளிப்போவதும், முகத்தில் முடி, தீராத முகப்பரு போன்ற ஆண் ஹார்மோன் அறிகுறிகளும் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அது பிசிஓஎஸ்ஸாகவே இருந்தாலும் பெரும்பாலோர் குழந்தை பெறுகிறார்கள், சிலருக்கு முட்டை வெளிவர மாத்திரை தேவைப்படும். எடை அதிகம் உள்ளவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சுழற்சி சீராக வாய்ப்புண்டு. இதில் நான் அடித்துச் சொல்வது ஒன்று: மாதக்கணக்கில் பீரியட்ஸ் வராமல் இருப்பதை "தொல்லை விட்டது" என்று விடாதீர்கள். உள்படலம் உதிராமல் தடித்துக்கொண்டே போவது பின்னாளில் ஆபத்து. சர்க்கரையையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைத்துளி:
அவசரக் கருத்தடை மாத்திரை கருப்பையைக் கெடுத்துவிடும் என்கிறார்களே?

செவிலி_மதி:
கெடுக்காது. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே தரித்த கருவைக் கலைக்காது, பின்னால் குழந்தை பிறப்பதையும் பாதிக்காது. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற மருந்துள்ள மாத்திரை என்றால் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஐந்து நாளுக்குள் கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போட்டுக்கொண்டால் மாத்திரையைவிடப் பலன் அதிகம், பிறகு வருடக்கணக்கில் கருத்தடையாகவும் இருக்கும். அடுத்த பீரியட்ஸ் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். மாதாமாதம் இதையே நம்பியிருக்காதீர்கள், வழக்கமான முறைகளைவிட இதற்குப் பலன் குறைவு.

வழிப்போக்கன்:
முதல் இரவில் ரத்தம் வராவிட்டால்...?

செவிலி_மதி:
ஒன்றுமே அர்த்தமில்லை. கன்னிப்படலம் பெண்ணுக்குப் பெண் வேறுபடும், நெகிழக்கூடியது, பலருக்கு ரத்தம் வருவதே இல்லை. அதைப் பார்த்து ஒரு பெண் உடலுறவு கொண்டவளா இல்லையா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை, நிறுத்துங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் உள்ளிட்ட ஐநா அமைப்புகள் 2018ல் கேட்டுக்கொண்டன. இதை வைத்து யாராவது ஒரு பெண்ணைக் கேள்வி கேட்டால் கூட இருந்து தடுங்கள்.

வேம்பு:
வயது 56. மாதவிடாய் நின்று நான்கு வருடம். போன வாரம் கொஞ்சம் ரத்தம் பட்டது, இரண்டு நாளில் நின்றுவிட்டது. வலி ஒன்றும் இல்லை. மறுபடி வந்தால் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

செவிலி_மதி:
மறுபடி வரும்வரை காத்திருக்காதீர்கள் அம்மா. ஒரு வருடம் மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் காட்ட வேண்டும். பெரும்பாலும் படலம் மெலிந்ததாலோ சின்ன சதை வளர்ச்சியாலோதான் இருக்கும். ஆனால் கிட்டத்தட்ட பத்தில் ஒருவருக்குக் கருப்பைப் புற்றுநோயாக இருக்கிறது. வலி இல்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஸ்கேனில் உள்படலத்தின் தடிமனைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் துளி திசு எடுத்துச் சோதிப்பார்கள். ஆரம்பத்தில் தெரிந்தால் அறுவையோடு குணமாகக்கூடியது. இந்த வாரமே போங்கள், போய்விட்டு வந்து இங்கே எழுதுங்கள்.

ஆலமரம்:
ஆண், 49. ஒரு வருடமாக விறைப்பு சரியாக இல்லை. வயதாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா டாக்டர்?

கதிரொளி:
எடுத்துக்கொள்ளாதீர்கள். குறிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஓரிரு மில்லிமீட்டர்தான், இதயத் தமனி அதைவிடப் பெரியது. கொழுப்பு படியத் தொடங்கினால் சின்னக் குழாயில்தான் முதலில் தெரியும். அதனால் மாரடைப்புக்குச் சில வருடம் முன்பே விறைப்புக் குறைவு வருவதுண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள், புகைப்பவரானால் நிறுத்துங்கள். படி ஏறும்போது நெஞ்சு இறுக்கம் இருந்தால் தள்ளிப்போடாமல் இதய மருத்துவரைப் பாருங்கள். விறைப்புக்கான மாத்திரையைத் தானாக வாங்கிப் போட வேண்டாம், நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் அதையும் சேர்த்துப் போட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

தமயந்தி:
இன்னொரு சந்தேகம். மகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி இந்த வயதில் போடலாமா?

செவிலி_மதி:
இதுதான் சரியான வயது. எச்பிவி என்ற வைரஸால் வருவது அந்தப் புற்றுநோய். அதைக் கண்டறிந்த ஹரால்ட் சுர் ஹௌசனுக்கு 2008ல் நோபல் பரிசு கிடைத்தது. 16, 18 என்ற இரண்டு வகைகளே சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம், தடுப்பூசி அவற்றைத் தடுக்கிறது. உடலுறவால் பரவும் வைரஸ் என்பதால், தொற்றும் வாய்ப்பு வருவதற்கு முன்பே போட்டால் முழுப் பலன். 9 முதல் 20 வயது வரை ஒன்று அல்லது இரண்டு ஊசி போதும் என்று 2022ல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. உங்கள் டாக்டர் எத்தனை என்று சொல்வார். பையன்களுக்கும் போடலாம்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள் அம்மா. 30 வயதைத் தாண்டியவர்கள் தடுப்பூசி போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எச்பிவி பரிசோதனை என்றால் 5 முதல் 10 வருடத்துக்கு ஒரு முறை. மாதிரி எடுக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும், பீரியட்ஸ் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். பல இடங்களில் மாதிரியை நாமே எடுத்துக் கொடுக்கலாம்.

வேம்பு:
மதி, நேற்று போய் வந்தேன். படலம் கொஞ்சம் தடித்திருக்கிறதாம், திசு எடுத்திருக்கிறார்கள். பத்து நாளில் முடிவு வரும் என்றார்கள். எடுத்த இடத்தில் லேசாக ரத்தம் படுகிறது, பயப்பட வேண்டுமா?

செவிலி_மதி:
நல்ல வேலை செய்தீர்கள் அம்மா. ஓரிரு நாள் லேசாகப் படும், மந்தமாக வலிக்கும், பயம் வேண்டாம். காய்ச்சல், கடும் வயிற்று வலி, நாற்றத்தோடு திரவம், நாப்கின் நனையும் அளவு ரத்தம், இதில் எது வந்தாலும் பத்து நாள் காத்திருக்காமல் உடனே அதே மருத்துவமனைக்குப் போங்கள். முடிவு வாங்கப் போகும்போது யாரையாவது துணைக்குக் கூட்டிப் போங்கள், அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.